வலி போன கால்

பங்குனி பிறந்து நாலாம் நாள் வேம்பு பூத்தது.

பின்வாசலைத் திறந்ததுமே ஜெயகுமாரிக்கு வாசம் வந்துவிட்டது. அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. கையில் கட்டுத் துணி ஊறிய வாளி இருந்தது. அதை அலசிப் போட வேண்டும். அம்மியைக் கழுவ வேண்டும். இலை பறிக்க வேண்டும். அதற்குள் கணவர் எழுந்துவிடுவார்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம். கரிசல் மண். கார்த்திகையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாசி முடிவதற்குள் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். மழைக்கு முளைத்த பச்சை எல்லாம் இப்போது தரையோடு காய்ந்து கிடந்தது. தூதுவளை இலையை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நின்றது. கற்பூரவல்லி தொட்டியிலேயே சுருண்டிருந்தது. மேலே மட்டும் வேம்பு செந்தளிர் விட்டுப் பூத்திருந்தது. சுவரை ஒட்டிய புங்கு, முந்தாநாள் வரை மொட்டையாக நின்றது, இன்று தளிரோடு பளபளவென்று இருந்தது. இந்த ஊரில் வசந்தம் தரைக்கு இறங்குவதில்லை. மரத்தோடு நின்றுவிடும்.

தரையில் பச்சை மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில். குளிக்கிற தண்ணீர் வெளியே போகும் வாய்க்காலோரம், கிணற்றடிப் பூண்டு படர்ந்திருந்தது. மூக்குத்தி போலப் பூக்கும் செடி. வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிவார்கள். ஜெயகுமாரி அதோடு மஞ்சளும் வேப்பெண்ணெயும் சேர்த்து அரைத்தாள். இரண்டு மாதமாகக் காலையிலும் மாலையிலும் அரைத்தாள்.

அவள் கணவர் இஸ்ரவேல் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய் வந்தவர். சர்க்கரை வந்ததும் வண்டியை விட்டார். தை மாதம் புதுச் செருப்பு வலது காலின் சுண்டுவிரலைக் கடித்தது. புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, படுக்கையில் சேருங்கள், விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அவர் சரி என்று தலையாட்டி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“கயத்தாறு சோலைமுத்துக்கு முதல்ல வெரலத்தான் எடுத்தாவ. அப்புறம் பாதம். அப்புறம் முட்டி. இப்ப அவன் லாரி செட்டுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்து போற வாற வண்டிய எண்ணிக்கிட்டிருக்கான். நீ அரைச்சுப் போடு. உன் கை ராசியான கை.”

அவள் அரைத்துப் போட்டாள். தையில், துணியைப் பிரிக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடிப்பார். மாசி பிறந்து பத்து நாளில் அந்தப் பிடி தளர்ந்தது. பிறகு துணியைப் பிரித்தால் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

“வலி போயிட்டுட்டி,” என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜீனா போனில் கேட்டால், வலி இல்லை என்று அவரே சொன்னார். ஜெயகுமாரி அந்த வாரப் புதன்கிழமை சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஆண்டவர் தன் தோட்டத்து இலையைக் கொண்டு கணவருடைய வலியை எடுத்துப்போட்டார் என்றாள். முப்பது பெண்கள் ஆமென் என்றார்கள். கூட்டம் முடிந்ததும் பத்துப் பேர் செடி கேட்டார்கள். வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு சபைக்கு வெளியிலும் பேச்சுப் பரவியது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் உமாதேவி, தகரம் கிழித்த விரலோடு வந்தாள். நாலு நாளில் ஆறிற்று. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இலை வாங்கிப் போனார்.

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனையில் முழுச் சபைக்கும் முன்னால் இதே சாட்சியைச் சொல்ல வேண்டும் என்று பாஸ்டரின் மனைவி, ஐயரம்மா, சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அன்று காலை அவள் துணியைப் பிரித்தாள். பக்கத்து விரலும் கறுத்திருந்தது. பாதத்தின் ஓரம் பளபளவென்று வீங்கியிருந்தது. ஒரு வாசம் வந்தது. நாலைந்து நாளாகவே வருகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தை அப்பினாள்.

“ஏங்க, ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காமிச்சிட்டு வருவோமா?”

“ஏன், உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?”

“அதுக்கில்ல.”

“ஊரெல்லாம் உன்கிட்ட வருது. நீ என்னன்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்குத. வலியே இல்லாத கால வச்சுக்கிட்டு அங்கன போய் நான் என்னத்தச் சொல்ல?”

துணியின் முடிச்சை இறுக்கினாள். அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். பேப்பரைப் புரட்டினார்.

*

பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் வேப்பம்பூவுக்கு வந்தார். ஒவ்வொரு வருஷமும் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு இந்த மரத்துப் பூதான். ஜெயகுமாரி அதற்கென்று பழைய வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்துப் போடுவாள். விழுந்த பூவை மறுநாள் காலையில் கூட்டிப் புடைத்து நிழலில் காயவைப்பாள். பாதி மீனாட்சியம்மாளுக்கு. பாதி ரசத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் வீட்டில் இருக்கும்.

“இந்த வருசம் பூ சாஸ்தி மதினி,” என்றார் மீனாட்சியம்மாள். “மரம் உங்க சாமியக் கும்பிட்டாலும் எங்க வருசப்பொறப்ப மறக்கல பாருங்க.”

“மரத்துக்கு வெயில்தான் சாமி.”

“அண்ணாச்சிக்குக் கால் எப்டி?”

“வலி இல்லங்காவ.”

“கேட்டேன் கேட்டேன். தெருவே உங்க பேச்சுத்தான். எங்க வீட்டுக்காரர் முதுகு வலின்னா அந்த இலையக் கட்டுட்டிங்காரு. முதுகுல என்ன வெட்டுக்காயமா இருக்கு? ரெண்டு அப்பு அப்பினாப் போவும்.”

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் மீனாட்சியம்மாள் மூக்கைச் சுருக்கினார். புடைத்த பூவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என்ன மதினி, எலி கிலி செத்துக் கெடக்கா?”

பின்வாசலுக்கு உள்ளே கட்டிலில் இஸ்ரவேல் படுத்திருந்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

“ஆமா,” என்றாள் ஜெயகுமாரி. “ரெண்டு நாளா வாடை. தேடணும்.”

“அரிசி டிரம்முக்குப் பின்னால பாருங்க. நான் வேணா வந்து நகட்டித் தாரேன்.”

“வேண்டாம் மதினி. நான் பாத்துக்கிடுதேன்.”

“சும்மா இருங்க. ஒத்தையில எத்தனயத்தான் பாப்பிய.”

மீனாட்சியம்மாள் வந்து டிரம்மை நகர்த்தினார். பரணைப் பார்த்தார். விளக்குமாற்றுக் கட்டையை அலமாரிக்கு அடியில் விட்டுத் துழாவினார். இஸ்ரவேல் கட்டிலில் இருந்தபடியே, அந்த மூலையப் பாருங்க தாயி, இந்த மூலையப் பாருங்க என்று வழி சொன்னார். எலி கிடைக்கவில்லை. ஜெயகுமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கயோ வசமா செத்திருக்கு,” என்று சொல்லிவிட்டு மீனாட்சியம்மாள் பூவோடு போனார்.

*

மறுநாள் விடிந்ததும் ஜெயகுமாரி வாய்க்காலோரம் போய் உட்கார்ந்தாள். கிணற்றடிப் பூண்டு பூத்திருந்தது. இலை ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். எதை நேற்றுக் கிள்ளினாள், எதை நாளைக்கு விட்டு வைத்தாள் என்று தெரியும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். ஈரமண் என்பதால் வேரோடு வந்தது. அடுத்ததை இழுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பிடுங்கி, சாக்கில் திணித்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இடுப்பு வலித்தது. கவிழ்த்த வாளியின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு மாதத்தில் வேலை இல்லாமல் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

“இலை இல்லங்க,” என்றாள் உள்ளே வந்து. “எல்லாம் பட்டுப்போச்சு. பங்குனி வெயில்லா. இனிமே மழைக்குத்தான் மொளைக்கும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரில காமிப்போம்.”

இஸ்ரவேல் அவளைப் பார்த்தார். அவள் நகக்கண்ணில் மண் இருந்தது. அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏ தாயி. மீனாட்சியம்மா. உங்க வீட்டுல அந்தப் பூண்டு கெடக்கா?”

“எம்புட்டு வேணும் அண்ணாச்சி?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

பத்து நிமிஷத்தில் மீனாட்சியம்மாள் ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

“மதினி குடுத்த செடிதான். வாய்க்கா முழுக்கப் படந்துட்டு. எங்க வீட்டுல மட்டுமா, தெருக் கடைசி வரைக்கும் இதுதான். வாரத்துக்கு ஒரு வண்டி கூட ஏத்தலாம்.”

இஸ்ரவேல் சிரித்தார். “பாத்தியாட்டி. வெதச்சவளுக்கு வெளச்சல் தெரியல.”

ஜெயகுமாரி முறத்தை வாங்கிக்கொண்டு அம்மிக்குப் போனாள். அரைத்தாள். அரைக்கும்போது வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. இனி இந்த இலையை ஒழிக்க வேண்டுமென்றால் தெருவையே ஒழிக்க வேண்டும். அவ்வளவையும் தன் கையாலேயே கொடுத்திருந்தாள்.

*

அதற்கடுத்த வாரம் வெக்கை ஏறியது. உள்ளே ஃபேன் காற்று அனலாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்ரவேல் மரத்தடிக்கு வந்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொள்வார். கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று கட்டையும் பிரித்து விடச் சொல்வார். பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். தலையிலும் மடியிலும் விழும். தட்டிவிட மாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாளில் குருத்தோலை ஞாயிறு. வெள்ளைச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்பதை நினைக்காமல் இருக்க, வேட்டியில் விழுந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேசிக்கொண்டிருந்தார். நாக்பூர் தாண்டி ஒரு மலைப்பாதை, பிரேக் பிடிக்கவில்லை, கியரிலேயே வண்டியை இறக்கிய கதை. அவள் பத்துத் தடவைக்கு மேல் கேட்டிருக்கிறாள்.

“கிளீனர் பய கதவத் தொறந்துட்டான், குதிக்கப் போறேங்கான். ஏலே, குதிச்சன்னா சம்பளம் கிடையாதுன்னேன். கதவ மூடிட்டான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வேட்டியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது. பூவில் தேன் இருக்கும், எறும்பு வரும். கறுப்புக் கட்டெறும்பு. கடித்தால் ஆளைக் குதிக்க வைக்கும். ஜெயகுமாரி வேட்டியை உதறினாள். எறும்பு வரிசை பூவுக்கு வரவில்லை. வேட்டியை ஒட்டிக்கொண்டு போய், ஸ்டூலின் காலில் ஏறியது. அவள் கண் அதோடு போனது. ஸ்டூலின் பலகை. குதிகால். பாதம். சுண்டுவிரலைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்திருந்தது. புண்ணுக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. சில, வீங்கிய தோலில் வாயைப் பதித்து, பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு நின்றன.

அவர் இன்னும் மலை இறங்கிக்கொண்டிருந்தார்.

அவள் கை தானாக முந்தானையை எடுத்தது, தட்டிவிட. எடுத்த கையை நிறுத்தினாள். தட்டிவிட்டால் நாளைக்கும் அரைக்க வேண்டும்.

“ஏங்க. உங்க காலப் பாருங்க.”

“ஏன்?”

“பாருங்க.”

இஸ்ரவேல் குனிந்தார். பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு பூ விரலின் மேல் விழுந்தது. எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. முப்பது வருஷம் ஆக்சிலேட்டரை மிதித்த கால். ரோட்டில் வண்டி ஒரு கல் மேல் ஏறினால் அந்தப் பாதத்தில் தெரியும் என்பார்.

விரலை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை.

“கடிக்குதா?” என்றாள்.

“கடிக்கத்தான் செய்யுது.”

“வலிக்குதா?”

கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். மறுபடி விரித்தார்.

“மருந்து வலிய எடுக்கல,” என்றாள் ஜெயகுமாரி. “கால்லதான் ஒணர்ச்சி செத்துப்போச்சு. அதப் போய் ஆண்டவர் செஞ்சாருன்னு நான் சாட்சி சொல்லிருக்கேன்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“வாடை வந்தப்போ.”

“எலின்னியே.”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவருக்கும் தெம்பு இல்லை.

“அந்தப் பூண்டயும் நீதான பிடுங்குன.”

“ஆமா.”

“நெனச்சேன். நகத்துல மண்ணு இருந்துச்சு.” கொஞ்சம் பொறுத்து, “சோலைமுத்துக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட எடம் இருக்கான்னு கேட்டு வையி,” என்றார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து பாதத்தில் ஊற்றினாள். எறும்புகள் மிதந்து போயின. விரிந்திருந்த மண் வெடிப்புக்குள் உடனே தண்ணீரும் போய்விட்டது. சபைப் பாடகர் குழுவில் தன்னோடு பாடுகிற ரூபஸுக்குப் போன் செய்தாள். அவன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தான். இஸ்ரவேல் ஏறும்போது மருந்துக் கிண்ணத்தைப் பார்த்தார். காலையில் அரைத்தது மீதி இருந்தது, பச்சையாக. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை இரண்டு விரலை எடுத்தார்கள். பாதத்தை நாலு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

என்ன போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். ஜெயகுமாரி ஒன்று விடாமல் சொன்னாள். திட்டு விழும் என்று நின்றாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். அவளும் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, பேனாவை மூடாமலே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் ஐயரம்மா வந்தார். ஓலையில் முடைந்த சிலுவை ஒன்றைக் கட்டில் கம்பியில் செருகி, ஜெபம் செய்தார்.

“அந்தச் சாட்சிய நான் திருப்பி எடுத்துக்கிடணும்மா,” என்றாள் ஜெயகுமாரி.

ஐயரம்மா யோசித்தார். “சாட்சியத் திருப்பி எடுக்க நம்ம சங்கத்துல வழக்கம் இல்லியேம்மா.”

“அப்ப இன்னொண்ணு சொல்லுதேன். எறும்ப அனுப்பினாருன்னு.”

கட்டிலில் கண்ணை மூடியிருந்த இஸ்ரவேல், “அத மொதல்லயே அனுப்பிருக்கலாம்,” என்றார்.

புதன்கிழமை காலையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். பாதம் நிற்கும், எடுக்க வேண்டாம் என்றாள். ஜெயகுமாரிக்கு அழுகையும் வரவில்லை, ஸ்தோத்திரமும் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் தூங்கினாள். பிறகு மாற்றுத்துணி எடுக்க பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு உமாதேவி நின்றாள். ஒரு காலைத் தூக்கியிருந்தாள்.

“எங்கக்கா போயிட்டிய? ரெண்டு நாளா வாரேன். வேலிக்கருவ முள்ளு. எடுத்துட்டேன், ஆனா நடக்க முடியல. அந்த இலை கொஞ்சம் தாங்க.”

“உக்காரு.”

படிக்கட்டில் உட்கார வைத்து, அவள் குதிகாலை மடியில் எடுத்துப் பார்த்தாள். சிவந்து வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். உமாதேவி துள்ளி, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“யாத்தே. கொல்லுதியளே.”

“வலிக்குதுல்லா?”

“உசுரு போவுது.”

ஜெயகுமாரி மறுபடி காலை வாங்கி, இந்தத் தடவை மெல்லத் தொட்டாள். மறுபடி அந்தக் கால் இழுத்துக்கொண்டது. சூடாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்கட்டும். நல்லதுதான். நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போடச் சொல்லு. முள்ளு உள்ள மிச்சம் இருக்கான்னு பாக்கச் சொல்லு. உனக்குச் சுகர் இருக்கா?”

“எனக்கா? இருவத்தாறு வயசுல?”

“பாத்தியா?”

“பாக்கல.”

“அதயும் பாரு.”

“இலை தர மாட்டியளா?”

“இல்ல.”

உமாதேவி முகம் வாடினாள். “அவ்வளவு தூரம் நொண்டி வந்திருக்கேன்க்கா. வெறுங்கையா அனுப்புதிய.”

ஜெயகுமாரி பின்பக்கம் போனாள். வாய்க்கால் காய்ந்திருந்தது, ஐந்து நாளாக யாரும் குளிக்கவில்லை. பூண்டு பிடுங்கிய இடம் வெடித்திருந்தது. மரத்தடியில் வேட்டி விரித்தபடியே கிடந்தது. ஐந்து நாள் பூ அதில் விழுந்து, மொறுமொறுவென்று காய்ந்து, பழுப்பாகி இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி வந்து உமாதேவியின் முந்தானையில் போட்டாள்.

“இத எப்டிக்கா கட்டணும்? அரைச்சா, வதக்கியா?”

“கட்டக் கூடாது. நெய்யில வறுத்து ரசத்துல போடு,” என்றாள் ஜெயகுமாரி. “காலுக்கு இல்ல. வாய்க்கு.”

பிறகு உள்ளே போய், இஸ்ரவேலின் கைலியையும் சட்டையையும் எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். செருப்பு எடுக்க வேண்டுமா என்று யோசித்தாள். இடது கால் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.